நினைவில்லாதவன் திருந்துவானா?

வேறொருவர் படைத்த கதைமாந்தரை எடுத்து வாசகர் தாமே எழுதும் கதையை ஃபேன் ஃபிக்ஷன் என்கிறார்கள். நாம் ரசிகர் புனைவு என்று சொல்லலாம். பெயர் புதிது, வேலை பழையது. புலவர் குழந்தை 1946இல் இராவண காவியத்தில் வில்லனை நாயகனாக்கியதும் ஏறத்தாழ இதே வேலைதான்.

இன்றைய ரசிகர் புனைவுகளில் வில்லனைத் திருத்திக் காட்டுவது ஒரு மோஸ்தர். அவனுக்கு ஒரு துயரமான இளமையைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "அவன் பாவம் சேர்" என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லும். "கெட்டவன் எண்டா கெட்டவன்தான்" என்று இன்னொரு பிள்ளை மறுக்கும். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய ஒரு வில்லன், அமெரிக்கரான எலியேசர் யுட்கோவ்ஸ்கி 2010 முதல் 2015 வரை இணையத்தில் தொடராக எழுதிய 'ஹரி பொட்டர் அண்ட் த மெதட்ஸ் ஒஃப் ரஷனலிட்டி' என்ற 122 அத்தியாயப் புனைவில் வருகிறான்.

ஜே. கே. ரௌலிங்கின் மூலக்கதையில் வோல்டமோர்ட் தொலைவில் நின்று பயமுறுத்துபவன். இங்கே அவன் பேராசிரியர் குவிரல் என்ற வேடத்தில் ஹரிக்குப் பாடம் நடத்துகிறான். கூர்மையான புத்தி, குத்தலான பேச்சு. மாணவனின் மனம் கலங்கிய வேளையில் மந்திரத்தால் அறையையே விண்வெளியாக்கி நட்சத்திரங்களைக் காட்டுகிறான். வாசகனுக்கும் அவனைப் பிடித்துப் போகிறது. ஆசிரியரின் வெற்றியே அதில்தான் இருக்கிறது.

அவன் தன் பக்க நியாயத்தையும் சொல்கிறான். முன்பு ஒரு வீரனின் வேடத்தையும் தானே போட்டுப் பார்த்தானாம். மக்கள் குறை சொன்னார்களே தவிரத் தோள் கொடுக்கவில்லை. கொடியவன் வேடத்திலோ எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். அது அவனுக்கு ருசித்தது. கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவன் ஏன் கெட்டான் என்பது விளக்கம். விளக்கம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் குற்றம் கரைந்துவிடாது.

அவன் செய்யும் நன்மைகளை எடைபோட்டால் இன்னும் தெளிவு வரும். தன் சதியால் இறந்த ஹெர்மயனியை அவன் மீண்டும் உயிர்ப்பிக்க வழி செய்கிறான். பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சிறுமிக்காக அவன் அதைச் செய்யவில்லை. ஹரியால் உலகம் அழியலாம் என்ற தீர்க்கதரிசனத்துக்குப் பயந்து, ஹரியை நல்வழியில் பிடித்து வைக்க ஆள் தேவை என்பதால் செய்கிறான். ஒரு வில்லனிடம் நல்ல கணங்கள் இருக்கின்றனவா என்பதை வைத்து அவனை அளக்க முடியாது. தனக்கு ஆதாயமில்லாத இடத்திலும் எதிரே நிற்பவரை அவன் மனிதராகப் பார்க்கிறானா என்று கேட்க வேண்டும். குவிரல் அந்தப் பரீட்சையில் தேறவில்லை.

அப்படியானால் அவன் திருந்தவே முடியாதவனா? கதையின் முடிவு இங்கேதான் சறுக்குகிறது. ஹரி அவனைக் கொல்வதில்லை. கொன்றாலும் பயனில்லை, அவன் உயிரைப் பல இடங்களில் ஒளித்து வைத்திருக்கிறான். எனவே அவனுடைய நினைவுகளை அழித்து, உடலை ஒரு மோதிரக் கல்லாக மாற்றி, என்றாவது குணப்படுத்தலாம் என்று விரலில் அணிந்துகொள்கிறான். இது இரக்கம் போலத் தெரியும். ஆனால் செய்ததை அறியாதவன் எதற்காக வருந்துவான்? தௌபா கேட்க வேண்டிய ஆளையே அழித்துவிட்டு வாசலைத் திறந்து வைப்பதில் என்ன பொருள்? அதே இரவில், சூழ நின்ற அடியாட்களின் தலைகளை ஹரி ஒரே வீச்சில் அறுத்துவிடுகிறான். டிராகோவின் தகப்பன் அவர்களுள் ஒருவன். பிறகு ஹரி வருந்துகிறான்தான். என்றாலும், திருந்துவார்களா என்ற கேள்வி அந்தச் சில்லறை ஆட்களுக்காகக் கேட்கப்படவேயில்லை. பேச்சுச் சாதுரியமுள்ள தலைவனுக்கு மட்டுமே அந்தச் சலுகை.

2007இல் வந்த மூலக்கதையின் இறுதிப் பாகத்தில், செய்ததற்கு வருந்திப் பார் என்று ஹரி கடைசி நேரத்திலும் வோல்டமோர்ட்டிடம் சொல்கிறான். அவன் மறுக்கிறான். கதவைச் சாத்தியவன் அவனே. புத்திசாலித்தனத்தில் ரசிகர் புனைவு பல படி மேலே நிற்கலாம். இந்த ஓரிடத்தில் சிறுவர் நாவலின் அறமே ஆழமானது.

நமக்கு வஹ்ஷி (ரலி) அவர்களின் வரலாறு தெரியும். உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர், பின்னர் இஸ்லாத்தில் நுழைந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரை ஏற்றார்கள். ஆனால் தம் கண்முன் வராதிருக்க முடியுமா என்றும் கேட்டார்கள். மன்னிப்புக் கிடைத்தது, துயரம் போகவில்லை. யாருடைய நினைவும் அழிக்கப்படவில்லை. அந்த நினைவைச் சுமந்துகொண்டேதான் அவர் பின்னாளில் யமாமாவில் முஸைலிமாவை எதிர்த்து ஈட்டியை எடுத்தார்.

பாடசாலைகளில் "இவன் திருந்தமாட்டான்" என்ற தீர்ப்பைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் மீது சர்வசாதாரணமாக எழுதிவிடுகிறோம். வேறு சில நேரம், "போனது போகட்டும், மறந்திடுவோம்" என்று செய்த தவறைப் பிள்ளையிடம் பேசாமலே விட்டுவிடுகிறோம். முதலாவது கதவைப் பூட்டுகிறது. இரண்டாவது, ஹரி செய்ததைப் போல, கதவருகே வரவேண்டியவனை இல்லாமலாக்குகிறது. இந்த நீண்ட கதையைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும், அந்த மோதிரக் கல்லுக்குள் இருப்பது யார் என்று அவர்களிடம் கேளுங்கள்.