முதலீடும் லயக் காம்பராவும்

அந்நிய மூலதனத்தை நகருக்கு அழைப்பது பற்றிப் பேசாதார் இன்று இல்லை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாள் முதல், 2021இன் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் வரை, முதலீட்டாளருக்கு வரிச்சலுகை, நிலச்சலுகை என்ற ஒரே பல்லவிதான். பதுளையிலிருந்து கேட்கும் நமக்கு இது பழைய பாட்டு. 1890இல் லிப்டன் வந்தார். அப்புத்தளையருகே தம்பேதன்னை அவருடையதாயிற்று. 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. தேயிலை அதிலேறிக் கொழும்புக்குச் சென்றது, இலாபம் கப்பலேறியது.

இக்கணக்கை நமது இலக்கியம் எவ்வாறு எழுதியுள்ளது? மலையகக் கதைகள் பலவற்றில் கொடியவர்கள் கங்காணியும் துரையுமே. அவர்களை ஏவிய பங்குதாரனின் முகம் கதைக்குள் வருவதே இல்லை. ஆகவே கண்ணீர் மிஞ்சுகிறது, காரணம் மறைகிறது.

ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ சிறுகதையை இவ்விடத்தில் நினைக்கிறோம். குடும்பம் முழுவதும் ஒரே காம்பராவில் முடங்கிக் கிடக்க, இருளில் ஒரு தகப்பன் அடையும் அவமானமே கதை. இதனை ஒழுக்கக் கதையாகப் படிப்பது பெரும் பிழை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அச்சுவரை நிறுத்தியவன் எவன்? ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு இடம் போதும் என்று கணக்கிட்ட மூலதனமல்லவா? முதலீடு என்ற சொல்லையே கையாளாமல், அதன் கொடுமையை ஜோசப் அளந்து காட்டிவிட்டார். பக்கம் பக்கமாக முழக்கமிடும் கதாசிரியர்கள் (நம் அணியிலும் இவர்கள் குறைவில்லை) கற்க வேண்டியது இதுவே.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. லயங்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன. அபாயம் முன்பே சுட்டிக்காட்டப்பட்டிருந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்களையும் மக்களையும் மூடியது. நகரத்திற்கு முதலீட்டாளரைத் தேடியோர், அந்த லயத்தாருக்கு மாற்று நிலம் தேட விரையவில்லை.

நம்மிடம் படித்த பையன்கள் இன்று கொழும்பிற் கடைச் சிப்பந்திகளாகவும், உயர்மாடிகளுக்குக் கல் சுமப்போராகவும் இருக்கின்றனர். தோட்டத்துக் கதை தோட்ட எல்லையோடு முடிவதாக எண்ணும் எழுத்தாளர் இவர்களைத் தவறவிடுகிறார். கொழும்பின் மாடியில் நிற்கும் மகனும், அப்புத்தளை மலையில் கொழுந்து பறிக்கும் தாயும் ஒரே கதைக்குள் வரும் படைப்பொன்றை நாம் இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.