விகுதியும் பொருளும்: இரசாயனப் பெயரீடு பற்றியதொரு நோக்கு

‘வந்தான்’, ‘வந்தாள்’ என்பவற்றை வேறுபடுத்துவது ஈற்றெழுத்து ஒன்றே. இரசாயனப் பெயரீடும் இத்தகையதொரு விகுதியிலக்கணமே. எனினும் கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பகுதியைப் பற்றியே நிகழ்ந்துள்ளன. கந்தகமா, சல்பரா என வாதிடுவோர் விகுதி யாதாயிற்று என வினவுவது அரிது.

1787இல் பிரான்சிய அறிஞர்களான இலவோசியே, குய்தோன் த மொர்வோ, பெர்த்தொலே, பூர்க்குறுவா ஆகியோர் வகுத்த முறையே இன்றைய பெயரீட்டின் அடிப்படை. அதன்படி ஒரே மூலகம் இரு ஒட்சியமிலங்களைத் தருமிடத்து ஒட்சிசன் மிகுந்தது ‘இக்கு’ ஈறும், குறைந்தது ‘அசு’ ஈறும் பெறும். சல்பூரிக்கமிலத்தில் ஒட்சிசன் அணுக்கள் 4, சல்பூரசமிலத்தில் 3. முன்னதன் உப்பு சல்பேற்று. பின்னதன் உப்பு சல்பைற்று. ஒட்சிசனின்றி இரு மூலகங்கள் சேர்ந்தவிடத்துச் சல்பைட்டு எனப்படும். இவ்வீறுகள் எண்ணிக்கையைக் கூறுவன அல்ல, வரிசையையே கூறுவன. நைத்திரிக்கமிலத்தில் ஒட்சிசன் அணுக்கள் 3 மட்டுமே என்பது இதற்குச் சான்று. ஐதரொட்சைட்டு, சயனைட்டு போன்ற புறனடைகளும் உள.

இவ்வமைப்பைத் தமிழிற் பேணியதில் இலங்கை வழக்கிற்குத் தனிச்சிறப்புண்டு. ‘ஏற்று’, ‘ஐற்று’, ‘ஐட்டு’ என்னும் மூன்றும் ஆங்கில ஈறுகளின் ஒலியைத் தழுவியவை. ஆயினும் தமிழெழுத்திற்கு அடங்கியவை. றகர இரட்டையும் டகர இரட்டையும் ஈழத்துப் பேச்சிற் தெளிவாக வேறுபட்டொலிப்பதே இதனைச் சாத்தியமாக்கிற்று. குற்றியலுகர ஈறாதலின் ‘சல்பூரிக்கு’ என்பது ‘அமிலம்’ என்பதனோடு இயல்பாகவே புணர்கின்றது. 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் நூலை வெளியிட்ட மருத்துவர் கிறீன் காலந்தொட்டு வளர்ந்த முயற்சியின் முதிர்ச்சியை இதிற் காணலாம்.

இதற்கு மாறாகக் ‘கந்தக அமிலம்’ என்னும் ஆக்கம் செவிக்கு இனிதாயினும் விகுதியை இழந்து நிற்கின்றது. அது இரண்டு அமிலங்களுள் எதனைக் குறிக்கும் என்பதைச் சொல்லே உணர்த்துவதில்லை. பகுதியைத் தமிழாக்குவது குற்றமன்று. விகுதியைக் கைவிடுவதே குற்றம்.

இலங்கை வழக்கும் குறையற்றதன்று. ‘சல்பைட்டு’, ‘சல்பைற்று’ என்பவற்றை ஈற்றிலுள்ள இரட்டை ஒன்றே பிரிக்கின்றது. அச்சுப்பிழை ஒன்று பொருளையே மாற்றிவிடும். மேலும், தமிழக வழக்கிற் ‘சல்பைடு’ எனப்படுவதே இங்கு ‘சல்பைட்டு’. அங்குச் ‘சல்பைட்டு’ என எழுதுமிடத்து அது இங்குள்ள ‘சல்பைற்று’ ஆகும். இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே கற்கும் மாணவன் ஒரே சொல்லால் இரு பொருள்களைக் கொள்ள நேர்கின்றது.

இது வெறும் எழுத்து வழக்கல்ல. சோடியம் நைத்திரேற்று உரமாகப் பயன்படுவது. சோடியம் நைத்திரைற்றோ இறைச்சியைப் பதப்படுத்த மிகச் சிறிதளவே சேர்க்கப்படுவது; அளவு மீறின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் கெடுத்து உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஏகாரத்திற்கும் ஐகாரத்திற்கும் இடையே இத்துணை வேறுபாடு தங்கியுள்ளது.

எனவே கலைச்சொல்லை மதிப்பிடுவோர் அது தமிழா, பிறமொழியா என்பதோடு அமையாது, அச்சொல் தன் இனச்சொற்களோடு கொண்டுள்ள உறவைக் காக்கின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும். இரு நாட்டுக் கலைச்சொல்லாக்கத்தினரும் கூடி ஈறுகளை மட்டுமேனும் ஒருமைப்படுத்துவராயின், பகுதி எதுவாயினும் பொருள் பிழையாது.