உப்பைக் கண்டால் ஒளிரும் மூலக்கூறு

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு கட்டுரை ஞாபகம் வரும். 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்தது, மூணு பக்கம்தான். எழுதியவர்கள் டி சில்வா, குணரத்ன, மெக்காய். ஒற்றை மூலக்கூறு ஆண்ட் கேட் ஆக வேலை செய்யும் என்று காட்டிய கட்டுரை. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடக் கிளுகிளுப்பான செய்தி வேறு என்ன?

பிரசன்ன டி சில்வா இலங்கைக்காரர். கொழும்புப் பல்கலைக்கழகம், அப்புறம் பெல்ஃபாஸ்ட் குயின்ஸில் முனைவர் பட்டம், மறுபடி கொழும்பு, 1986-லிருந்து பெல்ஃபாஸ்ட். உலோக அயனி வந்து ஒட்டினால் ஒளிர்கிற மூலக்கூறு பற்றிய வேலை கொழும்பிலேயே தொடங்கிவிட்டது.

விஷயம் இதுதான். நடுவில் ஆந்த்ரசீன், புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிர்வது. ஒரு பக்கம் அமீன், இன்னொரு பக்கம் கிரௌன் ஈதர் வளையம். இரண்டும் காலியாக இருந்தால் அவற்றிலிருந்து எலக்ட்ரான் தாவி வந்து ஒளிர்வை அணைத்துவிடும். அமீனை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொண்டு, வளையத்தில் சோடியமும் உட்கார்ந்தால்தான் தாவல் நிற்கும், விளக்கு எரியும். ஒன்று மட்டும் வந்தால் இருட்டுதான். அசல் ஆண்ட்!

ஆனால் இதைக் 'கணிப்பு' என்று சொல்லும்போது எனக்கு இடிக்கிறது. 2013-ல் அவர் போட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. உள்ளே போவது அயனி, வெளியே வருவது ஒளி. இந்த ஒளியை அப்படியே அடுத்த கேட்டுக்கு உள்ளீடாகக் கொடுக்க முடியாது. கோத்துக் கட்ட முடியாத கேட்டை வைத்து ஒரு கூட்டல் இயந்திரத்தைப் பெரிதாக்குவது எப்படி? இந்தத் துறைக்கே உள்ள பழைய தலைவலி இது. அவருக்கும் தெரியாததில்லை.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை கேட் இல்லை, சென்சார். அதே எலக்ட்ரான் தாவல் தத்துவத்தில் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளக்கும் கேசட்டுகள் மருத்துவமனைக்குப் போயின. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135-லிருந்து 145 மில்லிமோல் இருக்கணும். கடல்நீரில் சுமார் 470. அந்தப் பத்து மில்லிமோல் இடைவெளிக்குள் துல்லியமாகப் பேச வேண்டும் என்பதுதான் உண்மையான சவால்.

போன சித்திரையில் தெரிந்த பெரியவர் ஒருத்தர், வெயிலில் வேலை பார்த்துவிட்டு வெறும் தண்ணியாகக் குடித்துக் குழம்பிப் பேச ஆரம்பித்தார். காலையில் எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. சோடியம் 118. உப்பளக் கரையில் ஒரு மனுஷன் உப்பு குறைந்து கிடக்கிறார், அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பகல் ஆகிறது. (தேறிவிட்டார்.) கூட்டல் கணக்குப் போடாவிட்டால் போகட்டும், இந்த ஒரு எண்ணைச் சீக்கிரம் சொன்னால் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

2006-ல் அவர் குழு, சின்னச் சின்ன பாலிமர் மணிகளுக்கு இந்த லாஜிக் மூலக்கூறுகளையே அடையாளக் குறியாக ஒட்டியது. அங்கே கேட்டைக் கோக்க வேண்டிய தேவையே இல்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.