ஒற்றைக் கண்டின் கணக்கு

கைவேலை தெரிந்தவர் இருக்கும் வீட்டில் பீரோவின் அடித்தட்டில் ஒரு பை கண்டிப்பாக இருக்கும். ஸ்வெட்டருக்கு வாங்கியதில் மீந்த மெரூன் கண்டு ஒன்று, தோரணத்துக்கு வாங்கிய இலைப்பச்சையில் பாதி, நிறம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்து வந்த மயில்கழுத்து நீலம் ஒன்று. எதுவும் ஒரு முழு ஸ்வெட்டருக்குப் போதாது, தூக்கிப்போடவும் மனம் வராது. இந்தப் பைக்கு வழிவழியாக வரும் வைத்தியம், ஒரே கண்டில் முடிகிற சின்னச் சாமானாகப் பின்னித் தீர்ப்பதுதான். குழந்தைக்குக் குல்லா, செல்போனுக்கு உறை, சாமி படத்துக்கு உல்லன் மாலை, வாசலுக்குத் தோரணம், டிவி மேல் போட ஒரு விரிப்பு. (டிவி தட்டையாகிச் சுவரில் ஏறிப் பல வருஷம் ஆகிவிட்டது. விரிப்பு மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.)

இதைச் சிக்கனம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு, வேலையில்லாதவர் வேலை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. கைத்திறன் என்ற அளவில் பார்த்தால் இந்தப் பழக்கத்துக்கு அசலான பலம் இருக்கிறது. பயன் என்று கேட்கப் போனால்தான் சங்கடம். எங்கள் திருவண்ணாமலை போல வருஷத்தில் பாதிக்கு மேல் வெயில் கொளுத்துகிற ஊரில் அந்தச் சங்கடம் பளிச்சென்று தெரியும்.

பலத்திலிருந்து தொடங்குகிறேன். பச்சைக் குழந்தைக்குக் குரோஷா ஊசியில் ஒரு குல்லா போடுவதை எடுத்துக்கொள்வோம். உச்சியில் ஒரு சின்ன வளையம் கட்டி அதற்குள் 12 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 24, அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் கூட்டி 36 என்று வட்டம் விரியும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஆகவே வட்டத்தின் குறுக்களவு 11 சென்டிமீட்டரைத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகக் கீழே இறங்க வேண்டும். ஒரு சுற்று முன்னால் நிறுத்தினால் தலையைப் பிடிக்கும், ஒரு சுற்று தாண்டினால் தொளதொளவென்று கண்ணில் வந்து விழும். தப்பு அடுத்த இரண்டு சுற்றுக்குள்ளேயே தெரிந்துவிடும். பிரித்து மறுபடி போட்டால் அரைமணி நேரம்தான் நஷ்டம். முழு ஸ்வெட்டரில் இதே தப்பு தோள்பட்டையைச் சேர்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் ஒரு மாதம் போயிருக்கும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள உறவை, பள்ளிக்கூடத்தில் பிடிபடாதவர்களுக்கும் இந்தக் குல்லா புரிய வைத்துவிடும்.

நூல் குறைவாக இருப்பதே இன்னொரு வாத்தியார். நடுத்தரத் தடிமனுள்ள நூலில் 100 கிராம் கண்டு சுமார் 200 மீட்டர் ஓடும். அதே பரப்புக்கு நிட்டிங் ஊசியைவிடக் குரோஷாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நூல் கூடுதலாகப் பிடிக்கும். காலுறை ஜோடி என்றால் கண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து முதலிலேயே சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எந்த வேலையை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்ற யோசனையும் அப்போதுதான் வரும். நடுவிலிருந்து வெளியே விரிகிற சதுரமும், கழுத்தடியில் தொடங்கி அகலமாகிற முக்கோணச் சால்வையும் நூல் தீர்கிற இடத்தில் நிறுத்தத் தோதானவை. கீழ்விளிம்பில் 200 கண்ணி போட்டு மேலே ஏறுகிற வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது. நிறைய நூல் கையிலிருப்பவர் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

இதே ஊரில் இதற்கு ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது, வயர் கூடை. பெரிய கூடைக்கு இரண்டு மூன்று ரோல் வாங்கி, நிறத்துக்குக் கொஞ்சம் மீந்துபோக, அதில் ஒரு ரோல் கூடை, அரை ரோல் கூடை என்று சின்னதாகப் போடுவது பழகிய கைகளுக்கு வழக்கம். பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று முடிச்சு மாறினால் வயர் செலவும் மாறும். நெல்லிக்காய் உருண்டு புடைப்பதால் அதிகம் தின்னும். உல்லனுக்கும் வயருக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கூடைக்கு முதலிலேயே வயரை அளந்து அடிக்கணக்கில் வெட்டிக்கொள்ள வேண்டும். அடிப்பாகத்தைக் கட்டி, மூலை திருப்பி, வெட்டாமல் நீளமாக ஓடும் ரன்னிங் வயரோடு சுற்றிச் சுற்றி மேலேறும்போது, கூடையின் உயரத்தை அன்று வெட்டிய நீளமே தீர்மானித்திருக்கும். ரன்னிங் வயர் தீர்ந்தால் முடிச்சுக்குள் மறைத்து ஒட்டுப்போடலாம். வெட்டு வயர் குறைந்தால் கூடை குட்டையாகத்தான் நிற்கும். பிரித்தாலோ முடிச்சு விழுந்த இடமெல்லாம் மடிந்து நிற்கும், மறுபடி நேராவதில்லை. அதனால் வயர் கூடை போடுகிறவர் கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே இது எதற்கு, யாருக்கு, எவ்வளவு பெரிதாக என்று முடிவு செய்தாக வேண்டும். உல்லன்காரர்கள் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடலாம். தள்ளியும் போடுகிறார்கள்.

என் குறை இதுதான். ஒற்றைக் கண்டு வேலையில் நூல் முதலில் வருகிறது, தேவை பிறகு தேடப்படுகிறது. மீந்த ஒரு ரோலில் போட்ட கூடை தேங்காய், பழம், வெற்றிலை, பூ, கற்பூரம் ஏந்திக் கோயிலுக்குப் போகும். கீரைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் ஆகும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கிய பிறகு இந்தக் கூடையின் மதிப்பு கூடத்தான் செய்திருக்கிறது. வயரும் பிளாஸ்டிக்தான் என்றாலும் வருஷக்கணக்கில் உழைக்கிற பிளாஸ்டிக். மீந்த ஒரு கண்டு உல்லனில் போட்ட கழுத்துப் பட்டையும் குல்லாவும் இந்த ஊரில் எங்கே போகும்? மார்கழி விடியலில் கிரிவலம் போகும் பெரியவர்கள் தலையை மூடிக்கொள்வது உண்மை. 14 கிலோமீட்டரில் பாதி நடப்பதற்குள் குல்லா இடுப்பில் செருகப்பட்டுவிடும் என்பதும் உண்மை. மீதி மாதமெல்லாம் அது பரணில்.

அடுத்தது நூலின் தன்மை. உல்லன் என்று கேட்டு வாங்குகிறோமே தவிர, நம் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சந்தேகமிருந்தால் ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடித்துத் தானே அணையும். அக்ரிலிக் உருகி, சொட்டி, கறுத்துக் கெட்டியான மணியாக உறையும். இந்த நூலில்தான் அகல் விளக்குக்கு அடியில் வைக்கும் வட்ட விரிப்பைப் பின்னுகிறார்கள். தீபத் திருநாளுக்கு வீடெல்லாம் விளக்கு வைக்கிற ஊரில் இது ஆபத்து. சாமி படத்து மாலைக்கும் இதையே சொல்வேன். ஊதுவத்தியும் கற்பூரமும் எட்டாத உயரத்தில் தொங்கினால் சரி. சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது, உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மீந்தது எதுவோ அதில் போடுவோம் என்ற மனநிலையில் இந்தக் கேள்வி எழுவதேயில்லை.

பை காலியாகிறதா என்றால் அதுவும் இல்லை. மெரூன் கண்டில் பூ பின்னினால் இலைக்குப் பச்சை வேண்டும். இருக்கும் பச்சை தடிமன் வேறு. சேர்த்துப் பின்னினால் ஒரு பக்கம் சுருங்கும். சரி, அதே நிறத்தில் வாங்கலாமென்று போனால் லேபிளில் லாட் நம்பர் மாறியிருக்கும், வெயிலில் வைத்தால் இரண்டு மெரூனும் இரண்டு மெரூனாகவே தெரியும். கடைசியில் இரண்டு புதுக் கண்டு வீட்டுக்கு வருகிறது, அதில் ஒன்றரை மீந்துபோகிறது. மேலைநாட்டுப் பின்னல்காரர்கள், ஆயுசுக்குள் தீராத நூல் கையிருப்பு என்று பொருள்படும்படி ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்கிறார்கள். ஒரு கண்டு விலை குறைவு என்பதால் வாங்கும்போது உறுத்துவதில்லை. ஸ்வெட்டருக்கு எட்டுக் கண்டு வாங்குகிறவர் யோசித்து வாங்குவார். ஒன்று வாங்குகிறவர் யோசிப்பதில்லை.

உழைப்பின் விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். சின்னதுதானே, டிவி பார்த்துக்கொண்டே போட்டதுதானே என்ற பேச்சு அன்பளிப்பு வரைக்கும் பரவாயில்லை. விற்பனைக்கு வரும்போது அதே பேச்சு பின்னுகிறவரின் கழுத்தைப் பிடிக்கும். ஆந்திராவின் நர்சாபூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய புத்தகம் இதைத்தான் அலசுகிறது. அங்கே பெண்கள் ஏற்றுமதிக்காகத் தினம் பல மணி நேரம் பின்னினார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்று பெயர் வைத்ததாலேயே கூலி அடிமட்டத்தில் நின்றது. நம் ஊரில் மகளிர் குழுக் கண்காட்சி மேசையில் ஒரு குல்லாவைப் பார்த்ததும், மீந்த நூல்தானே, குறைத்துக் கொடுங்கள் என்று பேரம் பேசுகிறோம். நூல் மீந்ததாக இருக்கலாம், அதைப் பின்னிய மூன்று மணி நேரம் எதிலிருந்தும் மீந்ததல்ல.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் சின்ன வேலை என்ற வடிவத்தையே தள்ளிவிட முடியாது. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியா குரோஷே குயீன்ஸ் குழு, 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் குரோஷாப் போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. அந்தப் பிரம்மாண்டத்தைப் பின்னியது தனி ஆள் இல்லை. பல ஊர்ப் பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து போட்ட துண்டுகளின் கூட்டு அது. சாதனை முடிந்ததும் பிரித்துப் போர்வைகளாகத் தானம் செய்தார்கள். சாதனை என்ற ஆரவாரம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனாலும், பின்னத் தொடங்கும் முன்பே அளவும் முடிவாகியிருந்தது, போய்ச் சேர வேண்டிய திசையும் இருந்தது. சின்னத் துண்டு தனியாகத் திண்டாடுவதற்கும் இதற்கும் அதுதான் வேறுபாடு.

சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரில் ரமணரைத் தாண்டிப் போக முடியாது. 1896இல் இங்கு வந்து சேர்ந்தவர், கிழிந்த கோவணத்தை முள்ளை ஊசியாக்கி, வேறொரு முள்ளால் அதில் காது துளைத்து, அந்தக் கோவணத்திலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்ட கதை இங்கே பலருக்கும் தெரியும். செய்தித்தாளின் வெள்ளை ஓரங்களைக்கூட எழுதுவதற்கு எடுத்து வைத்தவர். ஆன்மிகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அங்கே வரிசை சரியாக இருக்கிறது. கிழிசல் முதலில், நூல் பிறகு. அந்த வரிசையில் வைத்து எடைபோட்டால், ஒற்றைக் கண்டு வேலை நல்ல பயிற்சி என்ற பெயருக்கு முழுக்கத் தகுதியானது, சிக்கனம் என்ற பெயருக்குப் பாதிதான்.

ஆகவே பீரோப் பையைத் திறக்கும் முன் எங்கே தேவை இருக்கிறது என்று பாருங்கள். நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கார்த்திகையும் மார்கழியும் நிஜமாகவே குளிரும். பச்சைக் குழந்தையின் உடம்புச் சூடு மூடாத தலை வழியாக நிறையப் போகும், அதற்கு ஒரு குல்லா போதும், 50 கிராம் கண்டு ஒன்றில் அது தாராளமாக முடியும். உரசாத மெல்லிய நூலாக எடுத்து, ஒருமுறை துவைத்து, ஐப்பசி முடிவதற்குள் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். விளக்கு விரிப்பு வேண்டுமென்றால் பருத்தி நூலில் போடுங்கள், அக்ரிலிக்கில் வேண்டாம்.