பாதை கடந்த சுருள்

சின்னம்மா தோழியின் கல்யாணத்துக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, மண்டூர் வீட்டு விறாந்தையில் பழைய வேட்டி கிழிபடும் சத்தம். சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் இருபது துண்டுகளை அம்மம்மா மடியில் அடுக்கிக்கொண்டார். சுருட்டும் கம்பி வீட்டில் இல்லை, தேவையும் இருக்கவில்லை.

முழுகிய தலைமயிர் முக்கால்வாசி உலர்ந்திருக்க வேண்டும். சொட்டச் சொட்டச் சுற்றினால் விடிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருள் பிடிக்காது. விரல் தடிப்பில் வகிர்ந்து, கற்றாழைச் சோற்றைக் கொஞ்சமாகத் தடவி, நுனியைத் துணியில் வைத்து உச்சி நோக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார். “அசையாம இரு புள்ள, நுனி மடிஞ்சா மறுகா முதல்ல இருந்து சுத்த வேணும்” என்பார். நுனி மடிந்தால் தூண்டில் முள்போல வளைந்து நிற்கும். காதோரத்துக்குத் துணியும் வேண்டாம்: இரண்டு விரலில் வளையமாகச் சுற்றி, தலையோடு படிய வைத்து, இரண்டு கிளிப்பைக் குறுக்காகக் குத்தினால் போதும். ஒரு வரிசையை வலப்புறமாகவும் அடுத்ததை இடப்புறமாகவும் சுற்றினால், வாரும்போது இரண்டும் கலந்து அலையாகும்.

இதன் சூட்சுமம் ஈரம். மயிரின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஐதரசன் பிணைப்புகளை நீர் தளர்த்தும். காயும்போது இருக்கிற வளைவிலேயே அவை மீண்டும் இறுகும். 1872இல் பாரிஸில் மார்செல் கிராத்தோ சூட்டுக் குறட்டால் அலை எழுப்பியதும் இதே பிணைப்புகளை வைத்துத்தான். அவர் நெருப்பால் நிமிடங்களில் செய்ததை, வேட்டித் துண்டு ஓர் இரவு எடுத்துச் செய்யும், மயிரைக் கருக்காது.

சுருள் நமக்கு வந்தேறிய அலங்காரமும் இல்லை. பெண்களின் கூந்தலுக்கு ஐம்பால் என்றொரு பெயர். குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என ஐந்து வகையாக முடிப்பதால் வந்தது. டி. ஆர். ராஜகுமாரி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் நாயகியின் முகத்தோரம் தொங்கியதும் அந்த மூன்றாவதின் பேத்திதான்.

விடியற்காலை அம்மம்மா, சுற்றிய திசைக்கு எதிராக ஒவ்வொரு துண்டாக அவிழ்த்தார். சுருள்கள் ஸ்பிரிங் போலத் துள்ளின. உடனே சீப்பு வைக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்து விரல்களால் மட்டும் கோதிவிட்டார். அத்தனையும் இறுக்கமாய், தலை பொம்மைத் தலைபோல இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வாவியின் எங்கள் பக்கமான படுவான்கரையிலிருந்து அக்கரைக் குருமண்வெளிக்குப் போகப் பாதையில் ஏறினோம். பாதை என்றால் இங்கே தெரு இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் வாவி கடத்தும் மிதவை. ஈரக்காற்று முகத்தில் அடித்தது. 1783இல் சோசூர் என்ற சுவிஸ் அறிஞர் காற்றின் ஈரத்தை அளக்கக் கருவி செய்தபோது, அதற்குள் வைத்தது மனிதத் தலைமயிரைத்தான். ஈரம் பட்டால் அது நீளும். சின்னம்மாவின் தலையில் அந்தக் கருவி வேலை செய்யத் தொடங்கியது. சுருள்கள் ஒவ்வொன்றாக இளகி, ஒன்றோடொன்று சாய்ந்தன. அக்கரையில் இறங்கியபோது தோளில் கிடந்தது, படத்தில் பார்த்த அதே அலை.

முதல் நாள் இரவு அம்மம்மா ஏன் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினார் என்று அப்போது விளங்கியது. வாவிக்கும் ஒரு பங்கு வைத்துத்தான் அவர் சுற்றியிருக்கிறார்.