விழுப்புண்ணும் பெயர் பெறாத புண்ணும்

போரிற் படும் புண்ணைப் பண்டைத் தமிழர் இருவகைப்படுத்தினர். மார்பிற் பட்டது விழுப்புண். முதுகிற் பட்டது புறப்புண். முன்னையது புகழுக்கும் பின்னையது பழிக்கும் உரியன. வெண்ணிப் போரிலே கரிகாலன் எறிந்த வேல், பெருஞ்சேரலாதனின் மார்பை ஊடுருவி முதுகிலும் புண் செய்தது. அவன் புறங்காட்டி ஓடினான் அல்லன்; எனினும் அப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். குற்றம் எவரது என்பதை நோக்காது, புண் பட்ட இடத்தை மாத்திரம் நோக்கும் வழக்கின் கொடுமைக்கு இது தக்க சான்றாகும்.

ஈழப் போரிலே ஆயுதமேந்திய மகளிர் எழுதிய நூல்களைப் பயில்வோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராயிருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வெளிவந்தது. சிறையையும் புனர்வாழ்வு முகாமையும் கடந்து மீண்ட அவர், 2015 ஒக்டோபரிற் புற்றுநோயாற் காலமானார். தம் நூலை அச்சிற் காணும் பேறு அவருக்கு வாய்த்திலது. அந்நூலைப் பற்றி எழுந்த விவாதமோ பெரும்பாலும் ஒரு வினாவையே சுற்றிச் சுழன்றது: அவர் இயக்கத்தைப் பழித்தாரா, போற்றினாரா? படைக்கலம் ஏந்திய பெண் அதனை இழந்து கைதியாகி நின்றபோது அவளுடைய நிலை யாது என்னும் வினா பின்தள்ளப்பட்டது.

அவ்வினா அற்பமானதன்று. 2009இற் போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 12,000 பேர். அவருள் 2,000க்கும் மேற்பட்டோர் பெண்கள். தடுத்துவைக்கப்பட்ட ஆண், பெண் இருபாலாரும் பாலியல் வதைக்கு உள்ளாக்கப்பட்டமையை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது. இத்தகைய குற்றச்சாட்டுகளை அரசு மறுத்தே வந்துள்ளது. மீண்டுவந்த ஒவ்வொருத்தியும் அக்கொடுமைக்கு ஆளானாள் என்பது இதனாற் பெறப்படாது. ஆயினும் ஐயம் எல்லோர்மீதும் ஒருங்கே விழுகின்றது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மணம் பேச வருவோர், "எந்த முகாமில் இருந்தவள்?" என்று வினவின், அவர் அறிய விழைவது முகாமின் பெயரை அன்று.

இவ்வையமே வாயடைக்கும் பூட்டாகும். கொடுமைக்கு ஆளானவள் சொன்னாற் கற்பிழந்தாள் என்பர். ஆளாகாதவள் இல்லையென்றால் மறைக்கின்றாள் என்பர். ஆதலின், போராளி மகளிர் நூல்களிற் காணும் மௌனத்தை ஒப்புதலாகவோ மறுப்பாகவோ கொள்ளுதல் திறனாய்வாகாது. அம்மௌனம் நூலாசிரியரைப் பற்றியன்றி வாசகரைப் பற்றியே பெரிதும் பேசுகின்றது.

பிற நாட்டிலும் இப்புண் அறியப்பட்டதே. அமெரிக்கப் படையிற் பணியாற்றுங் காலத்து, பெரும்பாலும் உடன் பணியாற்றியோராலேயே, பாலியற் கொடுமைக்கு ஆளான மகளிர்க்கு உளவளத்துணை அளிக்க 1992இற் சட்டம் இயற்றப்பட்டது. உறக்கமின்மை, திடுக்கம், பிறரை நம்பவியலாமை, தன்மீதே வெறுப்பு ஆகியன அவளுடைய ஒழுக்கக் குறை அல்ல; சேவைக் காலத்திற் பட்ட புண்ணின் விளைவுகளே என அதனால் ஏற்கப்பட்டது. பெயர் கிடைத்தமையான் மருந்துக்கு வழி பிறந்தது. எனினும் நாணம் முற்றும் நீங்கிற்று என்றல் அங்கும் பொருந்தாது. இன்றும் வெளியே சொல்லாதார் பலர்.

ஒரு கையை இழந்த வெற்றிச்செல்வி, தம் புனர்வாழ்வு முகாம் அனுபவத்துக்கு 'ஆறிப்போன காயங்களின் வலி' எனப் பெயரிட்டார். காயம் ஆறியும் வலி ஆறாமையை அத்தலைப்பே உணர்த்தும். தமிழ் மரபு இருவகைப் புண்ணுக்குப் பெயர் தந்தது. கைதியின் உடலிற் பகைவன் செய்த புண்ணுக்குத் தந்திலது. அதனைப் புறப்புண்ணோடு சேர்த்தெண்ணும் வரை, சேரலாதனுக்கு நேர்ந்ததே இம்மகளிர்க்கும் நேரும். நாணவேண்டியவர் புண்பட்டவர் அல்லர். புண் செய்தவரும், அதனை வினவி மீண்டும் கிளறுவோருமே ஆவர்.