ஆங்கிலச் சொல்லழுத்தமும் தமிழ் மாணவரும்: ஜென்கின்ஸின் கொள்கை குறித்த ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தம்முள் அம்மொழியில் உரையாடும்போது புரிதலுக்கு இன்றியமையாத ஒலிப்புக் கூறுகள் எவை? இவ்வினாவை முன்வைத்து ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒலிப்புப் பயிற்சித் துறையில் நெடிய விவாதத்தைத் தோற்றுவித்தது. பெரும்பாலான மெய்யொலிகள், உயிர்களின் குறில் நெடில் வேறுபாடு, சொன்முதல் வல்லொலிகளோடு வரும் மூச்சொலி, வாக்கியத்தின் முதன்மை அழுத்தம் ஆகியன கற்பிக்கத்தக்கன. சொல்லழுத்தமும் உயிர்க்குறுக்கமும் அத்துணை வேண்டுவன அல்ல என்பது அந்நூலின் பகுப்பு. ஆங்கிலேயர் போலப் பேசுவதே இலக்கு என்னும் பழைய எண்ணத்தை அது அசைத்தது. அவ்வகையில் இந்திய ஆசிரியர்க்கு அந்நூல் உவப்பானதே. ஆயினும் சொல்லழுத்தத்தை விலக்கிய பகுதி ஏற்கத்தக்கதாக இல்லை.

வாக்கிய அழுத்தம் ஒரு சொல்லின்மேல் விழுகின்றது என்பது சுருக்கமான கூற்று. உண்மையில் அது அச்சொல்லின் அழுத்த அசையின்மேல் விழுகின்றது. ‘டெவலப்’ என்னும் வினையை முதன்மைப்படுத்த விழையும் மாணவர் இரண்டாம் அசையே அதற்குரிய இடம் என்பதை அறியாவிடின், வாக்கிய அழுத்தத்தை எங்கே வைப்பார்? மூச்சொலியும் இத்தகையதே. ‘பேப்பர்’ என்பதன் முதற் பகரத்தில் அது மிகுதி. இரண்டாவதில் மிகக் குறைவு. ‘பொட்டேட்டோ’ என்பதிலோ சொன்முதற் பகரத்தைவிட நடு அசையின் டகரத்திலேயே மிகுந்து ஒலிக்கும். எனவே விலக்கப்பட்ட கூறு, ஏற்கப்பட்ட கூறுகளுக்கு அடிப்படையாக நிற்கின்றது. இம்முரணை ரெபெக்கா டவர் 2005இல் சுட்டினார். ஜென்கின்ஸும் இதனை ஐயத்திற்கிடமான பகுதியாகவே கருதியமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

அழுத்த விதிகள் மாணவரால் கையாள இயலாதவாறு சிக்கலானவை என்பது அவர் கூறும் மற்றொரு காரணம். சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் வகுத்த விதிகளை நோக்கின் அவ்வாறே தோன்றும். ஆனால் வகுப்பறைக்கு வேண்டுவன அவையல்ல. ‘இக்’ என முடியும் சொற்களில் அதற்கு முந்திய அசை அழுத்தம் பெறும் என்னும் ஒரு விதியே எத்தனையோ சொற்களுக்குப் பயன்படும். ‘எகானமி’, ‘எக்கனாமிக்’ என எழுதும்போது நெடில் இடம்பெயர்வதைத் தமிழ் எழுத்தே காட்டிவிடுகின்றது. அரித்மெட்டிக் போன்ற விலக்குகள் சிலவே.

ஜென்கின்ஸுக்கு முன்னரே இந்தியாவில் இப்பொருள் ஆராயப்பட்டது. ஆர்.கே. பன்சால் இந்திய ஆங்கிலத்தின் புரிதிறனைப் பல நாட்டுக் கேட்போரைக் கொண்டு அளந்து, 1969இல் ஐதராபாத் மத்திய ஆங்கில நிறுவனத்தின் வாயிலாக முடிவுகளை வெளியிட்டார். புரியாமைக்குரிய முதன்மைக் காரணங்களுள் பிறழ்ந்த சொல்லழுத்தத்தையும் அவர் கண்டார். இந்தியர் இந்தியரோடு பேசுகையில் இப்பிறழ்வு அவ்வளவாக இடர் செய்வதில்லை என்பது உண்மையே. ஆனால் கேட்போர் யாவர் என்பதைப் பேசுவோர் எப்பொழுதும் தேர்ந்துகொள்ள இயலாது.

கற்பித்தலில் நேரும் பிழைக்குக் கலைச்சொல்லும் ஒரு காரணம். ‘அழுத்தம்’ என்றவுடன் மாணவர் உரத்து ஒலிக்க முற்படுகின்றனர். ஆனால் அழுத்தத்தை உணர்த்துவதில் ஒலிவலிமையைவிடக் கால அளவே ஆற்றல் மிக்கது என்று டென்னிஸ் ஃபிரை 1955இல் சோதனையால் நிறுவினார். குரலின் ஏற்ற இறக்கத்தின் பங்கை அவருடைய 1958ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. ‘பனானா’ என்பதில் நடு அசையை உரக்கக் கூறினால் மட்டும் போதாது; முதல், ஈற்று உயிர்கள் குறுகித் தம் தன்மை இழத்தல் வேண்டும். தமிழில் எழுதிப் படிக்கும் மாணவரோ ஈற்று ஆகாரத்தையும் முழுமையாக நீட்டுவார்.

குறுக்கம் தமிழருக்குப் புதிதன்று. ‘நடு’, ‘நாடு’ ஆகியவற்றின் ஈற்று உகரங்கள் ஒன்றல்ல என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஐகாரக்குறுக்கமும் அவர்தம் பாடத்தில் உண்டு. ‘எங்கே அழுத்துவது’ என்று தொடங்குவதைவிட ‘எவ்வுயிர் குறுகும்’ என்று தொடங்கினால் மாணவர் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வர். தமிழ்க் குறுக்கம் இடத்தால் அமைவது. ஆங்கிலக் குறுக்கத்தைச் சொல்தோறும் அறிய வேண்டியிருக்கும். ஒப்புமைக்கு அவ்வளவே எல்லை.

ஜென்கின்ஸ் பெரிதும் பேசுவோரையே நோக்குகின்றார். செவிக்கு வரும் இடர் வேறு. எழுத்திலுள்ள உயிர்கள் அனைத்தும் ஒலிக்கும் என எதிர்பார்க்கும் செவி, குறுகிய அசைகளைத் தவறவிடும். மொழிபெயர்ப்பாளர் கையில் இது எழுத்தாகவே பதிந்துவிடுகின்றது. பிரித்தானிய ஒலிப்பில் முதலசை வலிந்து, இரண்டாம் அசையின் உயிர் மங்கி நிற்கும் பெயர் தமிழில் ‘பெர்னாட் ஷா’ என இரண்டாம் அசையில் நெடில் பெற்றுவிட்டது. ஈராசைச் சொல்லான ‘ஹோட்டல்’ இதற்கு மறுதலை: ஆங்கிலத்தில் வலியது ஈற்றசை, தமிழிலோ நெடில் முதலசையில் உள்ளது. வழக்கூன்றிய இவற்றை இனி மாற்றுதல் வேண்டா; புதிதாக எழுத்துப்பெயர்க்கும் பெயர்களிலேனும் ஒலிப்பகராதியை நோக்குதல் நன்று.

அழுத்தக் குறியை அசைக்கு முன்னர் இடும் முறை டேனியல் ஜோன்ஸின் 1917ஆம் ஆண்டு அகராதியால் பரவலாக அறியப்பட்டது. தமிழ்வழிக் கையேடுகள் அதனைப் பெரும்பாலும் கைவிட்டன. தொல்காப்பியம் குற்றியலுகரம் முதலிய மூன்றையும் புள்ளியுடையனவாகக் கூறும். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் தரும் கையேடுகளில் குறுகும் உயிர்களின்மேல் ஒரு புள்ளியிட்டு அச்சிடலாம். அப்போது ‘பனானா’வில் நடு அசை ஒன்றே புள்ளியின்றி நிற்கும்.